மலையை வேகவைத்தார்கள்!

இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் உள்பக்கம் சொட்டுமே தண்ணீர்... அந்தச் சொட்டுக்குப் பயந்துதான் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு மலையையே சூடாக்கிப் பார்த்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் லேசில் ஆறாது. நூற்றுக்கணக்கான வருஷங்களுக்குச் சூடு கக்கும். கதிர்வீச்சோ அதையும் தாண்டி நிற்கும். ஆழத்தில் புதைத்துவிடலாம், சரி. பாறைக்குள் இருக்கும் ஈரம் சூடு பட்டால் எங்கே போகும்? பெட்டிமேல் சொட்டி, அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால்?

1965-67-ல் கான்ஸாஸ் மாநிலத்தில் லயன்ஸ் என்ற ஊரின் உப்புச் சுரங்கத்தில் சோதித்தார்கள். உப்புப் படிகத்துக்குள் குட்டிக் குட்டியாக உப்புநீர்த் துளிகள் உண்டு. அவை சூட்டைக் கண்டு ஓடவில்லை. சூட்டை நோக்கியே ஊர்ந்தன! துளியின் சூடான பக்கம் உப்பு கரையும், மறுபக்கம் படியும். இப்படியே வழி வெட்டிக்கொண்டு நகரும். (விட்டில் பூச்சி மாதிரி!) வேறு காரணங்களும் சேர, லயன்ஸ் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து நெவாடா. லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில், பாலைவனத்தில் யூக்கா மலை. 'இது ஒன்றை மட்டும் ஆராயுங்கள்' என்று 1987-ல் அமெரிக்க காங்கிரஸ் சொல்லிவிட்டது. நெவாடாக்காரர்கள் கொதித்தார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. பார்த்தால் வறண்டு கிடக்கும். ஆனால், அதன் நுண்துளைகளில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

1997 டிசம்பர் 3. மலைக்குள் 47 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகைவழி. தரையில் 9 பெரிய ஹீட்டர்கள், பக்கச் சுவர்களுக்குள் செருகிய 50 ஹீட்டர்கள். சுவிட்சைப் போட்டார்கள். நாலு வருஷத்துக்கு மேல் எரிந்தன. சுவர் 200 டிகிரியைத் தொட்டது. ஈரம் ஆவியாகி, விரிசல்கள் வழியே விலகிப்போய், குளிர்ந்த பாறையில் மறுபடி தண்ணீராகிக் கீழே வடிந்தது. குகைவழியைச் சுற்றி வறண்ட பாறை ஒரு வேலி போல நின்றது. அதைத் தாண்டி வரப் பார்க்கும் தண்ணீர் பாதி வழியிலேயே கொதித்துவிடும்.

ஆனால் ஒரு சங்கடம். குகைவழியை அடைத்த கதவு முழுசாக மூடவில்லை! ஆவியும் சூடும் அது வழியாகத் தப்பின. எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்குப் பார்க்கும் சோதனையில், கணக்கில் வராமல் ஒரு பங்கு வெளியேறியது. அணுசக்திக் கட்டுப்பாட்டு ஆணைய நிபுணர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சூடு இருக்கும்வரை வேலி; பல நூற்றாண்டு கழித்து ஆறிய பிறகு?

2002 ஜனவரியில் ஹீட்டரை அணைத்து, ஆறுவதையும் நாலு வருஷம் கவனித்தார்கள். 2008-ல் போட்ட விண்ணப்பத்தில், பெட்டிகளுக்கு மேலே டைட்டானியத்தில் 'குடை' பிடிப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் சொட்டுக்குப் பயந்துதான்!

ஒபாமா அரசு 2010-ல் திட்டத்தை நிறுத்தப் புறப்பட்டது, 2011-ல் பணமும் நின்றது. குடைகள் பிடிக்கப்படவேயில்லை. அமெரிக்காவின் எரிந்த எரிபொருளில் பெரும்பகுதி இன்றும் அணுமின் நிலைய வளாகங்களிலேயே, தொட்டிகளிலும் கான்கிரீட் உறைகளிலும் காத்துக்கிடக்கிறது.