பிளாஷ் பிளேயர் கேட்ட காலம்

2010இல் ஐபிஎல் ஆட்டங்கள் யூடியூபில் நேரடியாக வந்தபோது நான் ஒரு பிரவுசிங் சென்டரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். திரையில் கறுப்புக் கட்டம்தான் தெரியும். "அண்ணே, பிளாஷ் பிளேயர் கேக்குது" என்று மூலையிலிருந்து குரல் வரும். இறக்கி, நிறுவி, பிரவுசரை மூடித் திறப்பதற்குள் ஒரு விக்கெட் போயிருக்கும்.

அன்றைய பிரவுசர்களில் பெரும்பாலானவற்றுக்கு வீடியோவைத் தாமாக ஓட்டத் தெரியாது. அடோப் நிறுவனத்தின் பிளாஷ்தான் ஓட்டியது. 2007இல் மைக்ரோசாப்ட் சில்வர்லைட்டைப் போட்டிக்கு இறக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை அமெரிக்காவில் என்பிசி அதன் வழியாகத்தான் இணையத்தில் காட்டியது. அமெரிக்க பேஸ்பால் லீகோ ஒரு பருவம் சில்வர்லைட்டில் காட்டிவிட்டு 2009இல் பிளாஷுக்குத் தாவியது. ரசிகனுக்கு மிஞ்சியது இன்னொரு பிளக்-இன். லினக்ஸ்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கென்று வந்த மூன்லைட்டால் பூட்டுப் போட்ட வீடியோக்களைத் திறக்க முடியவில்லை.

அந்தப் பூட்டுக்காகத்தான் விளையாட்டு ஒளிபரப்பாளர்கள் பிளக்-இன்களை விடாமல் பிடித்திருந்தார்கள்: பணம் கட்டியவருக்கு மட்டும் படம். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே வந்தன. 'பிளாஷைப் புதுப்பிக்கவும்' என்று பொய்ப் பெட்டி காட்டி வைரஸ் ஏற்றுவது ஒரு தொழிலாகவே நடந்தது.

ஐபோன் பிளாஷை வாசலிலேயே நிறுத்தியது. 2015 செப்டம்பரில் குரோம் பழைய பிளக்-இன் முறையைக் கைவிட, சில்வர்லைட்டுக்கு அங்கே இடமில்லாமல் போனது. பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றும், சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபர் 12 அன்றும் முடிந்தன. இப்போது அந்தப் பூட்டு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது.

இன்றைக்கும் ஆட்டம் பார்க்க பிளாஷ் இறக்கச் சொல்லும் தளம் எதிர்ப்பட்டால் உடனே மூடிவிடுங்கள்.