பனி எழுதிவைத்த எல்லைகள்

ஒரு பனியாறு நூறு ஆண்டுகளுக்கு முன் எதுவரை நீண்டிருந்தது? பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் எதுவரை? இதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கக்கூடும். உலகின் தென்கோடியில் ஒரு சிறு பறவையினத்தின் உயிரே இக்கேள்வியைப் பற்றி நின்றது. அந்த வரலாற்றைக் காண்போம்.

பாக்லாந்துத் தீவுகளுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவில், தெற்கு ஜார்ஜியா என்னும் தீவு உள்ளது. நீளம் சுமார் 170 கி.மீ. அதன் உயர்ந்த சிகரமான பேஜெட் மலை 2,900 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கிறது. தீவின் பாதிக்கு மேற்பட்ட பரப்பைப் பனி மூடியிருக்கிறது. மலைகளிலிருந்து இறங்கும் பனியாறுகள் பல நேரே கடலில் வந்து முடிகின்றன.

மனிதர் தந்த சான்று

1775 ஜனவரி 17ஆம் நாள் காப்டன் குக் இத்தீவில் இறங்கினார். அங்கே அது கோடைக்காலம். ஆயினும் வளைகுடாவின் தலைப்பகுதியில் செங்குத்தான பனிச்சுவர் நின்றதையும், அதிலிருந்து துண்டுகள் உடைந்து கடலில் விழுந்ததையும் அவர் எழுதிவைத்தார். தேடிவந்த தென்கண்டம் இதுதானோ என்று கருதிக் கரையோரமாகச் சென்றவர், தென்முனையை அடைந்ததும் இது வெறும் தீவே என்று அறிந்தார். அந்த முனைக்கு 'ஏமாற்ற முனை' என்று பெயரிட்டார்.

1882-83இல் முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டின்போது ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று ராயல் வளைகுடாவில் தங்கியது. அருகிலிருந்த ராஸ் பனியாற்றின் முகப்பு எங்கே நின்றது என்பதை அக்குழுவினர் அளந்து பதிவு செய்தனர். 1904இல் கிரிட்விக்கனில் திமிங்கில வேட்டை நிலையம் எழுந்தது. அதன்பின் வந்து சென்றவர்கள் எடுத்த புகைப்படங்கள் சேர்ந்தன. 1951 முதல் 1957 வரை டங்கன் கார்ஸ் தலைமையிலான குழுவினர் நான்கு முறை வந்து தீவை முறையாக அளந்தனர்.

இப்பழைய பதிவுகளையும் படங்களையும் விண்கலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. ஆராயப்பட்ட 103 கடலோரப் பனியாறுகளில் 97 விழுக்காடு 1950களுக்குப் பிறகு பின்வாங்கியிருந்தன! நியூமேயர் பனியாறு மட்டும் 4 கி.மீ.க்கு மேல் பின்னடைந்திருந்தது.

கல் தந்த சான்று

குக்கிற்கு முந்திய காலத்துக்குப் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்போது என்ன செய்வது? பனியாறு தானே விட்டுச்சென்ற தடயத்தைப் பார்க்க வேண்டும். நகரும் பனி கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வருகிறது. நின்ற இடத்தில் அவற்றை வரப்புப் போலக் குவிக்கிறது. பனி உருகி விலகினாலும் வரப்பு அங்கேயே கிடக்கும். இதற்கு மொரைன் என்று பெயர்.

வரப்பின் வயதை அறிய இருவழிகள் உண்டு. வரப்புக்கு உட்புறத்தில் பின்னர் செடிகள் வளர்ந்து மட்கிச் சதுப்புப் படிவாகியிருக்கும். அதன் அடித்தட்டின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையால் கணக்கிடலாம். பனி அதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும் அல்லவா? மற்றொரு வழி இன்னும் வியப்பானது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் பாறையிலுள்ள குவார்ட்ஸ் படிகங்களைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்னும் அணு உண்டாகிறது. தடித்த பனிக்கு அடியில் இருக்கும் பாறையை இக்கதிர்கள் எட்டுவதில்லை. பனி விலகிய நாளிலிருந்து பெரிலியம் சேரத் தொடங்குகிறது. எவ்வளவு சேர்ந்துள்ளது என்று அளந்தால், பாறை வானைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது தெரிந்துவிடும்.

கடலடி தந்த சான்று

ஆனால் கரையிலுள்ள வரப்புகள் முழுக் கதையையும் சொல்லிவிடுமா? இங்கேதான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. தீவைச் சுற்றிக் கடலடியில் அகன்ற கண்டத்திட்டு உள்ளது. அதில் ஆழமான பள்ளங்கள் குறுக்கே ஓடுகின்றன. அவற்றைப் பனியே குடைந்திருக்க வேண்டும். ஆகவே முன்னொரு காலத்தில் பனி திட்டின் விளிம்பு வரை பரவியிருந்தது என்று சக்டன், கிளாப்பர்ட்டன் ஆகிய இருவரும் 1977இல் கூறினர். 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கரையில் கிடைத்த வயதுகளைக் கொண்டு, கடந்த பனி ஊழியின் உச்சத்திலும் பனி வளைகுடாக்களைத் தாண்டியிராது என்று கருதியது.

வழக்கைத் தீர்க்க ஆய்வுக் கப்பல்கள் சென்றன. ஒலியலைகளைக் கடலடிக்கு அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைந்தார்கள். நீருக்கு அடியிலும் மொரைன் வரப்புகள் தெரிந்தன! சேற்றைத் துளையிட்டு எடுத்து வயது கணித்தனர். 2017இல் முடிவு வெளியானது. பனி ஊழியில் திட்டின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்தது. பின்னர் அது சுருங்கியது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன், தென்துருவப் பகுதி மீண்டும் குளிர்ந்தபோது, பனியாறுகள் வளைகுடாக்களில் மறுபடியும் முன்னேறின. கரையை மட்டும் பார்த்தவர்களுக்குக் கதையின் பிற்பகுதியே கிடைத்திருந்தது.

எலியும் பறவையும்

இனி அந்தப் பறவைக்கு வருவோம். உலகில் இத்தீவில் மட்டுமே வாழும் ஒரு நெட்டைக்காலி இனம் உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. தரையில் கூடு கட்டுவது. கடல்நாய் வேட்டைக்கு வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய எலிகள் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. எனினும் எலிகளால் தீவு முழுவதும் பரவ முடியவில்லை. கடலில் வந்து முடியும் பனியாறுகள் வேலிபோல் நின்று, கரையைப் பல துண்டுகளாகப் பிரித்திருந்தன. பனியாறு பின்வாங்கி முகப்பில் மணற்கரை தோன்றினால் வேலி திறந்துவிடும்!

பனி பின்னடையும் வேகம் தெரிந்ததால், காலம் குறைவு என்பதும் தெரிந்தது. வேலிகள் நிற்கும்போதே ஒவ்வொரு பகுதியாக எலிகளை ஒழிக்கத் திட்டமிட்டனர். 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹெலிகாப்டர்களிலிருந்து நஞ்சூட்டிய இரை தூவப்பட்டது. தேடிப் பார்த்து ஒரு எலியும் இல்லையென உறுதி செய்தபின், 2018 மே மாதம் தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. எலிகள் ஆண்ட கரைகளில் நெட்டைக்காலி மீண்டும் கூடு கட்டியது.

ராஸ் பனியாற்றை அன்று அளந்தவர்கள் எலியையும் நினைக்கவில்லை, பறவையையும் நினைக்கவில்லை. பனி எங்கே நிற்கிறது என்பதைச் சரியாகக் குறித்துவைத்தார்கள், அவ்வளவுதான். அத்தகைய குறிப்புகள் நூறாண்டுக்குப் பின்னும் பயன்பட்டன.