ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் நன்னீரும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர்வாயின் நடுவே, சிறு மணற்றிட்டு ஒன்றின்மீது நிற்பது கடற்கோட்டை. ஒல்லாந்தர் இதற்கு ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்டனர்; பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். இலங்கையின் உருவம் உப்பிட்ட பன்றித்தொடையை ஒத்திருப்பதாக அவர்கள் கருதினர். வடமுனையில் அமைந்த இக்கோட்டை அதன் குதியாயிற்று. ஒரு நாட்டை விழுங்க வந்தோர் அதனை உணவுப் பண்டமாகவே கண்டதில் வியப்பில்லை.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரே இங்கு முதலிற் கோட்டை எழுப்பினர். மேற்குக் கடலிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குட் புகும் கலங்கள் இந்நீர்வாயைக் கடந்தாக வேண்டும். வாணிக நோக்கமும் இதிற் கலந்திருந்தது. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குட் கொணரப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றப்பட்டன. இந்தியக் கரையில் அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. எனவே துறையைக் காத்தவன் கருவூலத்தையும் காத்தான் எனலாம்.

2013இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட்: பிளாக் பிளாக்’ என்னும் கணினி விளையாட்டிலே, கரிபியக் கடற்கோட்டைகள் பீரங்கிக்கு இலக்காகிச் சில நிமிடங்களிலே வீழ்கின்றன. உள்ளே இருப்போர் எதைக் குடித்தனர் என்ற வினா அங்கே எழுவதில்லை. யாழ்ப்பாணத்தில் அவ்வினாவே முதன்மையானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கற்படையிலே உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே இங்குக் கிணற்று நீராகின்றது. கடல் நடுவிலுள்ள மணற்றிட்டுக்கோ அந்தக் கொடையும் இல்லை. அங்கே மழைநீரைத் தேக்க வேண்டும். அன்றேல் கரையிலிருந்து கொண்டுசெல்ல வேண்டும்.

1658இன் தொடக்கத்தில் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தத் தளபதி ரைக்லொப் வான் கூன்ஸ், அடுத்து யாழ்ப்பாணத்தின்மீது படை நடத்தினான். கடற்கோட்டையும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. நன்னீர் வைத்திருந்த மரத்தொட்டியைப் பீரங்கிக் குண்டு உடைத்தது. தாகத்தைத் தாங்கவியலாத காவற்படை சரணடைந்தது. மதில்களைத் தகர்க்க வேண்டியிருக்கவில்லை. காலத்தையும் இங்குக் கருதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர் வரும் பங்குனி, சித்திரை நாட்கள் அவை. உடைந்த தொட்டியைச் செப்பனிட்டிருப்பினும் அதை நிரப்ப வானம் உதவியிராது. பெருங்கோட்டையாகிய யாழ்ப்பாணக் கோட்டை மூன்று திங்களுக்கு மேல் நின்று, பசியாலும் நோயாலும் நலிந்து, யூன் மாதத்திலேதான் வீழ்ந்தது. படையுடன் வந்த பல்தேயஸ் பாதிரியார் இப்போரைத் தம் நூலில் விரித்துரைத்துள்ளார். அந்நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. வென்றவர் பக்கத்து வரலாறு அது என்பதை மறந்து அதனைப் படித்தல் ஆகாது.

வென்ற ஒல்லாந்தர் தோற்றவரின் குறையைக் கண்டுகொண்டனர். மழைநீரைச் சேர்க்கத் தொட்டி கட்டினர். ஆயினும் வேறொரு நீர் அவர்களை அலைக்கழித்தது. அலைகள் மணற்றிட்டை அரித்து மதிலின் அடியையே தீண்டின. 1697இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய கொமாண்டர் சுவாடகுரூன், தமக்குப் பின் பொறுப்பேற்போருக்கு எழுதிவைத்த குறிப்பிலே இக்கோட்டையின் அரிப்பும் பழுதும் இடம்பெறுகின்றன. உள்ளே குடிநீர் இன்மையும் வெளியே கடல்நீரின் மிகுதியும் ஒருசேர வருத்திய கோட்டை இதனைப்போல் வேறொன்று இலங்கையிற் காண்டல் அரிது.

ஒல்லாந்தர் ஆட்சியில் ‘ஊழியம்’ என்னும் கட்டாய உழைப்பு யாழ்ப்பாணத்து மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. கோட்டைகளின் செலவையும் பழுதையும் நுணுகி எழுதிய ஏடுகள், கடலிலே முருகைக்கல் சுமந்தவரின் பெயரை எழுதவில்லை. இக்கோட்டையைப் பற்றிய ஆய்வு இனி அத்திசையிற் செல்லல் வேண்டும்.

1795இல் யாழ்ப்பாணக் கோட்டை போரின்றியே ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கடற்கோட்டையும் அவர்கள் வசமாகிப் பின்னாளிற் சிறைக்கூடமாயிற்று. இன்று அது இலங்கைக் கடற்படையின் பொறுப்பிலுள்ள உல்லாச விடுதியின் ஒரு பகுதி. பயணிகள் காரைநகர்க் கரையிலிருந்து படகேறி அங்குச் செல்கின்றனர்.