இசைத்தட்டு விற்ற இடங்கள்

நம் வட்டத்தின் கூட்டமொன்றுக்கு ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருந்த இளங்கவிஞர் ஒருவர், “அம்மா, பழைய இசைத்தட்டு இப்போது எங்கே கிடைக்கும்?” என்று என்னைக் கேட்டார். “மூர் மார்க்கெட்டில் பாருங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு அவர் சென்ட்ரலுக்குப் போய்த் தேடியிருக்கிறார். அங்கே நின்றது புறநகர் ரயில் நிலையம். மூர் மார்க்கெட்டு எரிந்தது 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். அப்போது அவர் பிறக்கவேயில்லை. ஒரு நகரத்துப் பெயர் இடத்தை விட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் வாழ்வதை நான் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். அந்தக் கடனை மலருக்கு எழுதும் இக்கட்டுரையால் அடைக்க முயல்கிறேன்.

நாம் இருப்பது சென்னைக்கும் காஞ்சிக்கும் நடுவில். இசைத்தட்டின் வரலாற்றுக்கு இரண்டு ஊர்களுமே வேண்டியவை. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் தட்டில் பாடியவர். தட்டுக் காலத்தின் தொடக்கக் குரல்களுள் ஒன்று அவருடையது. அவர் வீட்டில் வளர்ந்த சகோதரி மகன் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889-1934) தட்டில் பாட இசையவில்லை. லயத்தில் அவருக்கிருந்த ஆளுமையைச் சங்கீத உலகம் இன்றும் பேசுகிறது. ஆனால் கேட்பதற்கு ஒரு தட்டும் இல்லை. அதே காஞ்சியில் பிறந்து, அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாளோ (1919-2009) இளம் வயதிலேயே தட்டில் பாடினார். ஒரே ஊர், ஒரே இசை மரபு, மூன்று விதமான முடிவு. பிள்ளையவர்களின் மறுப்பைச் செருக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிடம். மணிக்கணக்கில் ஓடும் பல்லவியை அதற்குள் எப்படி மடிப்பது?

அந்த மூன்று நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டவர்களால்தான் நமக்கு அக்காலத்துக் குரல் கிடைத்திருக்கிறது. 1902 நவம்பரில் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தார்கள். தொடக்கத்தில் இந்தியக் குரல்கள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவரில் தட்டாக அழுத்தப்பட்டுத் திரும்பின. 1908இல்தான் கல்கத்தா சியால்தாவில் ஆலை அமைந்தது. தட்டின் முக்கியமான பொருள் அவலரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி கட்டும் அரக்கு. கீழே விழுந்தால் உடையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்ற வேண்டும்.

கோயம்புத்தூர் தாயி (1872-1917) பாடிய தட்டுகள் பாரிஸ் வரை போயின. மொரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவற்றின்மேல் மையல் கொண்டு, பிறகு இந்தியாவுக்கே பயணம் செய்தார். ‘ராகமாலிகை’ என்று பெயரிட்ட தம் படைப்பைத் தாயியின் தட்டை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி அமைத்தார்; பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டையைச் செருகி அதன் ஒலியை மாற்றவும் செய்தார். தாயி அம்மையாரைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரி உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டேன். என் கண்ணில் படவில்லை.

தட்டை விற்றவர்களுக்கு வருகிறேன். காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடையில் மற்றப் பொருள்களோடு இசைத்தட்டும் விற்றது. அக்கடைக்காரரின் மகன் மெய்யப்பன் சென்னைக்கு வந்து நண்பர்களோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார், ஏவி.எம். என்ற திரைப்பேரரசின் வேர் இசைத்தட்டுக் கடையில்தான் இருக்கிறது. 1920களின் பிற்பகுதியிலிருந்து நாடகப் பாட்டுத் தட்டுகள் ஊரூராகப் பரவின. எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் மேடையில் காணாதவர்கள்கூடத் தட்டில் கேட்டார்கள். கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த பின்னும் அவர் குரல் கடைகளில் விலைபோயிற்று. தட்டுப் பாட்டுகளைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டு மலிவு விலைக்கு விற்றார்கள். குஜிலிக் கடைத்தெருவின் பாட்டுப் புத்தகங்களை ஆராயும் நாம், அவற்றின் அண்டை வீட்டுக்காரரான இசைத்தட்டை இலக்கிய வரலாற்றில் சேர்ப்பதில்லை. அது பிழை என்றே கருதுகிறேன்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டம் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, அவர் மறைந்த பின் 1930களில், ஜேசிங்லால் மேத்தா என்ற நகை வணிகர் கைக்குப் போயிற்று. பின்னர் அதை மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் பட்டம்மாளின் குரலில் ஒலித்து நாடெங்கும் பரவியது இந்த உரிமையின் பேரில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது வழக்கு மூண்டது. இறந்த கவிஞன் பாட்டை எவரும் பாடலாகாதா என்ற கேள்வி தமிழ்நாட்டையே உலுக்கிற்று. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி உரிமையைப் பெற்றுக்கொண்டது, செட்டியாரும் விட்டுக்கொடுத்தார். பாரதி பொதுச்சொத்தானான் என்று மேடையில் பெருமை பேசுகிறோமே, அந்த வழக்கின் கரு ஓர் அரக்குத் தட்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

1948இல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டு வந்தது. நம் நாட்டில் அரக்குத் தட்டு 1960களிலும் அழுத்தப்பட்டது. அதன்பின் வினைலின் காலம். அந்தக் காலத்தை நான் நூல்களில் படிக்கவில்லை. ஒரகடத்துக்கு அருகே எங்கள் ஊரில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். பனைமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டித் திருமணத்துக்கும் கூழ்வார்த்தலுக்கும் தட்டுப் போடுவார். நள்ளிரவுக்கு மேல் பாட்டு நின்று வசனத் தட்டு வரும். ‘திருவிளையாடல்’ (1965) தட்டுக்கு ஊரே விழித்திருக்கும். இறையனார் பாட்டில் நக்கீரர் குற்றம் கண்ட கதையை நான் முதலில் கற்றது பனைமரத்தடியில். பிற்பாடு முனைவர் பட்டத்துக்குக் குறுந்தொகை உரைகளை ஒப்பிட்டபோதும், இரண்டாம் பாட்டுக்கு வந்ததும் கரகரப்போடு கூடிய அந்தத் தருமியின் குரல்தான் காதில் விழும்.

கேசட் வந்தது; அப்பாவின் தட்டுகள் பரண் ஏறின. ஊரில் நிலங்கள் தொழிற்பேட்டைக்குப் போய் நாங்கள் வீடு மாறினோம். பழைய இரும்புக்காரர் ஆம்பிளிபயரையும் குழாய்களையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டு தட்டுகளை வேண்டாமென்றார். அம்மா ஒன்றை வெந்நீரில் இட்டு ஓரத்தை மடித்துக் கிண்ணமாக்கினார். மற்றவை போன இடம் தெரியவில்லை. ஆய்வு மாணவியாக அப்போது நகரத்து விடுதியிலிருந்த நான் ஒரு கடிதத்திலாவது ‘வைத்திருங்கள்’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பனையோலையைப் போகியில் எரித்தார்கள் என்று வகுப்பில் வருந்திப் பேசும் தமிழாசிரியை செய்த காரியம் இது.

இனி, தம்பி கேட்ட கேள்வி. மூர் மார்க்கெட்டு 1900இல் திறந்த கட்டடம்; நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரைத் தாங்கியது. பழைய புத்தகமும் பழைய தட்டும் அருகருகே கிடைத்த இடம். தீயில் எவ்வளவு தட்டு உருகியதோ! வணிகர்களுக்குப் பின்னர் அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் அமைந்தன. அதைத்தான் மக்கள் இன்று மூர் மார்க்கெட்டு என்கிறார்கள். பழைய இசைத்தட்டுக் கடைகளை அங்கே காணலாம். கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு, தில்லியில் ஜும்மா மசூதியை ஒட்டிய மீனா பஜார், பம்பாயின் சோர் பஜார் ஆகியவையும் இதே குலத்தவை. வசதியுள்ளவர் போகலாம். தமிழ்த் தட்டுக்கு அல்லிக்குளமே போதும்.

வாங்குவோர் தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அரக்குத் தட்டில் மயிரிழைக் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள், விரைவில் இரண்டாகும். வினைலில் மேலோட்டமான கீறல் பொறுக்கத்தக்கது, வளைவு பொறுக்கத்தகாதது. உருக்கு ஊசி பூட்டிய பழைய கிராமபோனில் வினைலை வைத்தால் தட்டு பாழ். நடுத்தாளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் எண் ஒன்று பொறித்திருக்கும். நடுத்தாள் கிழிந்த தட்டுக்கும் அந்த எண் அடையாளம் சொல்லும். அதைக் குறித்துவையுங்கள். வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் தனியொருவராகவே ஆயிரக்கணக்கில் காத்தார்கள். அதில் நூறிலொரு பங்கை நம் வட்டம் செய்தாலும், இப்பக்கத்து மைக் செட்டுக்காரர்களின் பரண்களில் மிஞ்சியிருப்பவற்றுக்காவது ஒரு பட்டியல் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைபேசி செய்த நோக்கியா ஆலையிலும் நம் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். பாட்டுக் கேட்கும் அந்தப் பேசிகளைச் செய்த ஊரிலேயே பாட்டுக்குப் பழைய உடம்பாயிருந்த தட்டு ஒன்றுகூட மிஞ்சாமல் போவது எனக்கு ஒப்பவில்லை.

அந்தத் தம்பியும் நானும் சென்ற தை மாதம் அல்லிக்குளம் போனோம். ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு ஒன்று கிடைத்தது. நடுத்தாளில் வெள்ளைப் பெயிண்டால் யாரோ ஒரு மைக் செட்டுக்காரரின் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. எங்கள் ஊர் அல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா மடித்த கிண்ணத்திலிருந்த வெற்றிலையை எடுத்துவிட்டு அடியைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு நடுத்தாளிலும் ஒரே எண்.