பெயரை விற்ற பொறியாளர்

தொழில் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அவர்கள் எப்படி உயர்ந்தார்கள் என்பதையே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். எப்படி இழந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மனிதர் இரண்டையும் கண்டவர். பணக்காரர்கள் ஏறிச் செல்லும் விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளில் ஒன்றுக்கு இன்றும் 'பெண்ட்லி' என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் வால்டர் ஓவன் பெண்ட்லி என்ற ஆங்கிலேயர். ஆனால் தம் வாழ்நாளின் கடைசி 40 ஆண்டுகளில், தாம் செய்த வண்டிக்குத் தம் சொந்தப் பெயரைச் சூட்ட அவருக்கு உரிமை இல்லை. அந்த நிலை எப்படி வந்தது என்பதே இன்றைய வரலாறு.

பெண்ட்லி 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தையார் வணிகர், வசதியான குடும்பம். பையனுக்கோ பள்ளிப் பாடத்தைவிட இரயில் இயந்திரத்தின்மீதே ஆசை. 16 வயதில் பள்ளியை விட்டு, டான்காஸ்டர் நகரில் இருந்த 'கிரேட் நார்தர்ன்' இரயில் நிறுவனத்தின் பட்டறையில் ஐந்தாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதற்காக அங்கே சலுகை எதுவும் இல்லை. இரும்பு வார்ப்பது, கடைவது, பொருத்துவது என்று ஒவ்வொன்றையும் கையால் செய்தே கற்றார். பின்னர் ஓடும் இரயிலில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையும் பார்த்தார். இலண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 400 மைல். அந்த ஒரு நாள் ஓட்டத்தில் சுமார் 7 டன் நிலக்கரியை அள்ளிப் போட வேண்டும். உடல் உழைப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த உழைப்பின் வழியாகத்தான் பெண்ட்லி இயந்திரத்தை அறிந்துகொண்டார்.

1910இல் பயிற்சி முடிந்தது. இரயில் வேலையில் போதிய வருமானத்திற்கு வழி தெரியவில்லை. இதற்கிடையே அவருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபாடு வந்திருந்தது. 1909இலும் 1910இலும் 'மேன்' தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில் ஓட்டினார். பிறகு இலண்டனில் ஒரு வாடகை வண்டி நிறுவனத்தில், வண்டிகளைப் பழுதுபார்த்துப் பேணும் வேலையில் சேர்ந்தார். 1912இல் தம் அண்ணனோடு சேர்ந்து, 'டி.எஃப்.பி.' என்ற பிரெஞ்சு வண்டிகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார்.

1913இல் அந்த வண்டிகள் செய்யப்படும் தொழிற்சாலையைப் பார்க்கப் பிரான்சு நாட்டுக்குப் போனார். அங்கே அலுவலக மேசைமேல், தாள் பறக்காமல் இருக்க வைக்கும் சிறு பொருள் ஒன்று கண்ணில் பட்டது. பார்த்தால் பிஸ்டன் வடிவம். கையில் எடுத்தால் கனமே இல்லை. அது அலுமினியத்தால் செய்த அலங்காரப் பொருள். மற்றவர்களுக்கு அது வெறும் மேசைப் பொருள். பெண்ட்லிக்கோ அது ஒரு கேள்வியை எழுப்பியது.

நேயர்களே, மோட்டார் இயந்திரத்தின் உள்ளே மேலும் கீழும் ஓயாமல் ஓடுகிற உருளைதான் பிஸ்டன். எண்ணெய் எரியும் வேகத்தை வாங்கிக்கொண்டு சக்கரத்தைச் சுழல வைப்பது அதுவே. அந்தக் காலத்தில் அதை வார்ப்பிரும்பால் செய்தார்கள். இரும்பு கனமானது; கனம் கூடினால் வேகம் குறையும். அலுமினியத்தால் செய்தால் இலேசாக இருக்கும், சூட்டையும் விரைவாக வெளியேற்றும். ஆனால் உருகிவிடாதா என்று எல்லாரும் அஞ்சினார்கள். பெண்ட்லி அஞ்சி நிற்கவில்லை. 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்து பிஸ்டன் செய்வித்தார். அவற்றைப் பொருத்திய டி.எஃப்.பி. வண்டி, இலண்டனுக்கு அருகே இருந்த புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் புதிய வேகச் சாதனைகளைப் படைத்தது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. கடற்படையின் விமானப் பிரிவு பெண்ட்லியை அழைத்துக்கொண்டது. தாம் கண்டறிந்த அலுமினியப் பிஸ்டன் முறையை அவர் மறைத்து வைக்காமல், விமான இயந்திரம் செய்த மற்ற நிறுவனங்களுக்கும் எடுத்துச் சொன்னார். அவற்றுள் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமும் ஒன்று. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் வரும். பின்னர் பெண்ட்லியே வடிவமைத்த விமான இயந்திரம் 'சாப்வித் கேமல்' என்ற போர் விமானத்தில் பொருத்தப்பட்டது. போர் முடிந்ததும் அரசாங்கம் அந்தப் பணிக்காக அவருக்கு 8,000 பவுன் வழங்கியது.

1919ஆம் ஆண்டு 'பெண்ட்லி மோட்டார்ஸ்' பிறந்தது. இலண்டனில் பேக்கர் வீதிக்கு அருகே ஒரு சிறிய கொட்டகையில் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பின்னர் கிரிக்கில்வுட் என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. பெண்ட்லியின் எண்ணம் ஒன்றுதான்: வேகமான வண்டி, உறுதியான வண்டி, தன் வகையில் தலைசிறந்த வண்டி. வாடிக்கையாளருக்கு முதல் வண்டியைக் கொடுக்க 1921ஆம் ஆண்டு செப்டம்பர் வரை ஆயிற்று. அதுவரை செலவு மட்டும்தான்; வரவு இல்லை.

அக்காலத்தில் இத்தகைய வண்டிகள் விற்கப்பட்ட முறை வேறு. தொழிற்சாலை இயந்திரமும் சட்டமும் சக்கரமும் மட்டும் செய்து கொடுக்கும். வாங்குபவர் அதை மேற்கூடு கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், தம் விருப்பம்போல் கதவும் இருக்கையும் தோலும் மரமும் அமைத்துக்கொள்வார். ஆகவே வாங்குபவர்கள் பெருஞ்செல்வர்களாகத்தான் இருந்தார்கள். பெண்ட்லி ஐந்தாண்டு உத்தரவாதம் வேறு கொடுத்தார். பொருளின்மீது அவ்வளவு நம்பிக்கை. ஆனால் கையில் முதல் குறைவு. இந்தக் குறை கடைசி வரை தீரவேயில்லை.

விளம்பரத்திற்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? பந்தயத்தில் ஓட்டினார். 1922இல் மேன் தீவுப் பந்தயத்தில் பெண்ட்லி வண்டிகள் இரண்டாம், நான்காம், ஐந்தாம் இடங்களைப் பெற்றுக் குழுப் பரிசை வென்றன. நான்காவதாக வந்த வண்டியை ஓட்டியவர் பெண்ட்லியேதான்.

1923இல் பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கப்பட்டது. பகலும் இரவும் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட வேண்டும். அத்தனை நேரம் எந்த வண்டியும் தாங்காது என்று பெண்ட்லி முதலில் தயங்கினார். ஆனாலும் டஃப் என்ற ஓட்டுநர் தம் சொந்தப் பெண்ட்லி வண்டியைக் கொண்டுபோனார். வழியில் கல் தெறித்து எண்ணெய்த் தொட்டி ஓட்டையானது. டஃப் ஓடியே தம் குழுவினரிடம் வந்து சேர்ந்தார். கூட்டாளி கிளமெண்ட் சைக்கிளில் எண்ணெய் கொண்டுபோய் வண்டியை மீட்டு வந்தார். அப்படியும் நான்காம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, 1924இல், அதே இருவரும் முதலிடம் பெற்றனர்.

1927ஆம் ஆண்டுப் பந்தயம் இன்னும் புகழ்பெற்றது. பொழுது சாய்ந்த வேளையில், ஒரு வளைவில் பிரெஞ்சு வண்டி ஒன்று சறுக்கி வழியை மறித்தது. பின்னால் வந்த மூன்று பெண்ட்லி வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. இரண்டு அங்கேயே முடிந்தன. மூன்றாவதற்கு அச்சு வளைந்து, விளக்கு உடைந்து போயிருந்தது. அதை ஓட்டியவர்களில் ஒருவர் பத்திரிகை எழுத்தாளர், மற்றவர் மருத்துவர். கிடைத்ததை வைத்துக் கட்டி, இரவு முழுவதும் ஓட்டி, மறுநாள் வெற்றி பெற்றார்கள். இலண்டனின் பெரிய விடுதியான சவாயில் விருந்து நடந்தது. அடிபட்ட அந்த வண்டியையும் விருந்து மண்டபத்திற்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இத்தனை புகழுக்கு நடுவிலும் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. 1926இல் நிறுவனம் நொடிந்துபோகும் நிலை. அப்போது கைகொடுத்தவர் வூல்ஃப் பர்னாட்டோ. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெருஞ்செல்வம் சேர்த்தவரின் மகன் அவர். பர்னாட்டோ பணத்தைப் போட்டார். நிறுவனம் அவர் வசமானது. நிறுவியவரான பெண்ட்லி, தம் சொந்த நிறுவனத்திலேயே சம்பளத்திற்கு வேலை பார்ப்பவர் ஆனார்.

பர்னாட்டோ திறமையான ஓட்டுநர் என்பதையும் சொல்ல வேண்டும். 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தில் கலந்துகொண்டு மூன்றிலும் வென்றார். 1929இல் முதல் நான்கு இடங்களும் பெண்ட்லி வண்டிகளுக்கே கிடைத்தன. ஆனால் முதலாளி அனுமதித்தபின் பெண்ட்லியின் சொல் எடுபடவில்லை என்பதற்கும் இந்த ஆண்டுகளே சான்று. இயந்திரத்திற்குள் காற்றை வலிந்து செலுத்தும் கருவியைப் பூட்டி வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று பர்கின் என்ற ஓட்டுநர் கேட்டார். அது இயந்திரத்தைக் கெடுக்கும் என்று பெண்ட்லி மறுத்தார். ஆனாலும் அத்தகைய வண்டிகள் 50 செய்யப்பட்டன. அவை வேகமாக ஓடின. லெ மான் பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை.

1930இல் '8 லிட்டர்' என்ற மிகப் பெரிய வண்டி வெளிவந்தது. மேற்கூடு இல்லாமலேயே அதன் விலை 1,850 பவுன். ஆனால் 1929ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, உலகம் முழுவதும் வணிகம் முடங்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சரிவு நம் குடும்பங்களுக்கும் தெரிந்ததுதான். வண்டி விற்காவிட்டால் டயர் விற்காது. டயர் விற்காவிட்டால் ரப்பருக்கு விலை இல்லை. மலாயாத் தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பினார்கள். முந்திய தலைமுறையினர் சொல்லிச் சென்ற அந்தப் பஞ்சகாலமும், கிரிக்கில்வுட் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டதும் ஒரே புயலின் இரண்டு அடிகள். 8 லிட்டர் வண்டி 100தான் செய்யப்பட்டது. 1931ஆம் ஆண்டு கடன் தவணை வந்தபோது பர்னாட்டோ மேலும் பணம் போட மறுத்தார். நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள்.

நேப்பியர் என்ற நிறுவனம் வாங்க முன்வந்தது. அதில் சேர்ந்து மீண்டும் வண்டி செய்யலாம் என்று பெண்ட்லி நம்பியிருந்தார். ஆனால் வேறொரு நிறுவனம், யாருக்காக வாங்குகிறோம் என்பதை வெளியிடாமல், கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டது. விலை 1,25,000 பவுனுக்குச் சற்று அதிகம். திரைக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ். கட்டடமும் கருவியும் மட்டுமல்ல, 'பெண்ட்லி' என்ற பெயரும் அவர்களுக்குப் போயிற்று. பழைய வேலை ஒப்பந்தத்தின்படி பெண்ட்லியின் உழைப்பும் அவர்களுக்குப் போயிற்று. போர்க்காலத்தில் தாம் அறிந்ததைத் தயங்காமல் எடுத்துச் சொன்ன அதே நிறுவனத்தில், வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் வேலையே அவருக்குக் கிடைத்தது. புதிய வண்டி வடிவமைக்கும் பொறுப்பு தரப்படவில்லை. பணம் போட்ட பர்னாட்டோவோ 1934இல் புதிய பெண்ட்லி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்தார்.

ஒப்பந்தம் முடிந்ததும், 1935இல், பெண்ட்லி லகோண்டா என்ற நிறுவனத்திற்குப் போனார். அங்கே 12 உருளைகள் கொண்ட அருமையான இயந்திரத்தை உருவாக்கினார். 1939இல் லெ மான் பந்தயத்தில் அந்த வண்டிகள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் வடிவமைத்த புதிய வண்டியை, அவர் பெயரையும் சேர்த்து 'லகோண்டா-பெண்ட்லி' என்று அழைக்க விரும்பினார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் சட்டப்படி அதைத் தடுத்துவிட்டது. 1947இல் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபர் லகோண்டாவை வாங்கினார். அந்த வண்டியின் இயந்திரத்திற்காகவே முக்கியமாக வாங்கினார். அதே இயந்திரம் 1950இல் வந்த 'ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2' வண்டியில் அமர்ந்து புகழ் பெற்றது.

பெண்ட்லி 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் காலமானார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1998இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கைக்கு மாறியது. 2003இல், 73 ஆண்டுகளுக்குப் பின், பெண்ட்லி வண்டி மீண்டும் லெ மானில் வென்றது.

நேயர்களே, இந்த மனிதரின் தவறு எது? சோம்பலா? இல்லை. திறமைக் குறைவா? இல்லை. பொருளைச் செய்வதில் காட்டிய கவனத்தைக் கணக்கிலும் பத்திரத்திலும் அவர் காட்டவில்லை. செய்பவன் ஒருவன், கணக்கு இன்னொருவன் கையில் என்றால், நல்ல காலத்தில் வித்தியாசம் தெரியாது. கெட்ட காலத்தில்தான் யாருடைய பெயரில் எது எழுதியிருக்கிறது என்பது தெரியவரும். கையெழுத்துப் போடும் முன் தாளில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொள்வது பணக்காரர்களுக்கு மட்டும் வேண்டிய பாடம் அன்று. சிறு கடை வைப்பவருக்கும், தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குபவருக்கும், வேலை ஒப்பந்தத்தில் பெயர் எழுதும் பிள்ளைக்கும் அது வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையை விற்றார்கள், பெயரையும் விற்றார்கள். டான்காஸ்டர் பட்டறையில் கற்ற வித்தையை மட்டும் யாராலும் எழுதி வாங்க முடியவில்லை. 46 வயதில் வேறு கூரையின் கீழ் அவரால் மறுபடியும் தொடங்க முடிந்தது அந்த வித்தையால்தான். பட்டறையில் கை கறுக்க வேலை பழகும் பிள்ளைகளைக் குறைவாக எண்ண வேண்டாம் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கைத்தொழிலைக் கற்கட்டும்; அதோடு கணக்கையும் கற்கட்டும்.