ஜப்பானிய அஞ்சலட்டைகளும் ஹாஷிகுச்சி சகோதரர்களின் கடிதத் தொடர்பும்

ஜப்பானில் அரசு அஞ்சலட்டை 1873 டிசம்பர் 1 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மாயெஜிமா ஹிசோகா நவீன அஞ்சல்முறையைத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தடித்த அட்டைத்தாள் கிடைக்காத காலம் அது. சிவப்புக் கரையிட்ட மெல்லிய தாளை இரண்டாக மடித்து, உள்ளே செய்தியும் வெளியே முகவரியும் எழுதினார்கள். கட்டணம் நகருக்குள் அரை சென், வெளியூருக்கு ஒரு சென். 1875-இல் ஒற்றை அட்டை வந்தது. 1877-இல் ஜப்பான் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது.

1900 அக்டோபர் 1 முதல் தனியார் தயாரித்த அட்டைகளும் அஞ்சலில் ஏற்கப்பட்டன. பட அட்டையின் வரலாற்றை இந்த நாளிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர்க்காலத்தில் அட்டை சேர்ப்பது பெரும் மோகமாகியது. முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத முதலில் அனுமதி இல்லாததால், எழுத்து படத்தைச் சுற்றியே நெருக்கியடித்து நிற்கும். 1907-இல் அப்பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கும் 1918-இல் பாதியும் செய்திக்கு விடப்பட்டன. தேதியற்ற பழைய அட்டையின் காலத்தைக் கணிக்கச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது முகவரியையும் செய்தியையும் பிரிக்கும் கோட்டைத்தான்.

ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்த அதே ஆண்டுகளில் எழுத்தாளர் நத்சுமே சோசேகி, குமாமோத்தோவில் தம்மிடம் பயின்ற ஹாஷிகுச்சி மித்சுகுவுடன் நீர்வண்ணத்தில் கையால் தீட்டிய அட்டைகளைப் பரிமாறிவந்தார். சோசேகியின் தூரிகை பயிற்சியாளருடையதே. ஆனால் அந்த அட்டைகளில் தயக்கமில்லாத மகிழ்ச்சி இருக்கிறது. அவருடைய ‘நான் ஒரு பூனை’ நாவலின் இரண்டாம் அத்தியாயமே ஓவிய நண்பர் அனுப்பிய புத்தாண்டு அட்டையோடு தொடங்குகிறது: மேலே சிவப்பு, கீழே கரும்பச்சை, நடுவே பேஸ்டலில் வரைந்த விலங்கு. அது தன் வீட்டுப் பூனை என்று அட்டையைப் பெற்ற வீட்டுக்காரருக்குப் புரிவதில்லை.

மித்சுகுவின் தம்பி கோயோ, தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பயின்றவர். அண்ணன் வழியே சோசேகிக்கு அறிமுகமாகி, 1905 அக்டோபரில் வெளியான அந்நாவலின் முதல் தொகுதியை வடிவமைத்தார். பக்க ஓரங்கள் வெட்டப்படாத அந்நூலை, தாள்கத்தியால் பிரித்துத்தான் படிக்க வேண்டும். நவீன ஜப்பானிய நூல் வடிவமைப்பின் தொடக்கங்களுள் ஒன்றான இதற்கு வழி திறந்தவை அந்த அட்டைகளே. இலக்கிய வரலாறுகள் அவற்றை அடிக்குறிப்பில் ஒதுக்குவது முறையன்று. மித்சுகு பின்னர் தூதரகப் பணியில் சீனாவுக்குச் சென்றார். அங்கிருந்து அவர் அனுப்பிய கல்வெட்டுப் படியைக் கொண்டு 1914-இல் ‘கொக்கொரோ’ நாவலின் அட்டையைச் சோசேகி தாமே அமைத்தார். கோயோ 1911-இல் மித்சுகோஷி அங்காடியின் சுவரொட்டிப் போட்டியில் முதல் பரிசு பெற்று, பிறகு மரச்செதுக்கு அச்சோவியத்தில் புகழடைந்து, 1921-இல் மறைந்தார்.

அந்தப் பழைய அட்டை மோகம் இன்று தணிந்துவிட்டது. 2024 அக்டோபரில் அஞ்சலட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென்னாக உயர்ந்தது. புத்தாண்டு அட்டை அனுப்புவோர் குறைந்து வருகின்றனர்.