90-ல் ஏன் ஸ்டியரிங் நடுங்குது? ஒரு 50 வருஷக் கதை

ஹைவேல கார் ஓட்டிட்டுப் போறீங்க. 70 வரைக்கும் வண்டி சமர்த்தா போகுது. 85, 90 தொட்டதும் ஸ்டியரிங் கையில நடுங்குது. வேகத்தைக் குறைச்சா சரியாயிடுது. இதுல ஆச்சரியம் என்னன்னா, 110 போனாலும் பல வண்டியில நடுக்கம் அடங்கிடும். வேகம் கூடினா நடுக்கமும் கூடத்தானே செய்யணும்?

இந்தக் கேள்வியில இன்ஜினியரிங் உலகம் 50 வருஷம் சிக்கிக் கிடந்தது. கார் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச கதை இது.

1869-ல், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரேங்கின், சுழலும் ஷாஃப்ட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு, அதைத் தாண்டி ஓட்டவே முடியாது என்பது அவர் முடிவு. ரேங்கின் சாதாரண ஆள் இல்லை. நீராவி இன்ஜின் தியரியிலேயே பெரிய தலை. அவரே சொல்லிட்டார்னா யார் மறுப்பாங்க? ஆனா அவர் கணக்குல ஒரு ஓட்டை இருந்தது. சுழற்சியில வர்ற கோரியோலிஸ் விளைவை அவர் சேர்க்கவே இல்லை.

அந்தச் சுவரைத் தாண்டினவர் ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லாவல். பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் மெஷினால பேர் வாங்கினவர். 1880-களில் அவர் செஞ்ச நீராவி டர்பைன் நிமிஷத்துக்குச் சுமார் 30,000 சுற்று சுத்தியது. அந்த வேகத்துல சக்கரத்துல துளி எடை ஒரு பக்கம் கூடினாலும் ஆபத்து. எல்லாரும் ஷாஃப்ட்டைத் தடிமனாக்குவாங்க. அவர் ஒல்லியா, வளையுற மாதிரி வெச்சார். ஆபத்தான வேகம் சீக்கிரமே வந்தது, கொஞ்சம் ஆடியது, கடந்துபோனது. அதுக்கு மேல டர்பைன் அமைதியா ஓடியது!

காரணம் இதுதான். அந்த வேகத்தைத் தாண்டினதும் சக்கரம் தன்னோட நிஜமான எடை மையத்தைச் சுற்றியே சுழலப் பழகிக்கும். ஜெர்மனியின் ஆகஸ்ட் ஃபாப்பிள் 1895-லேயே இதைக் கணக்கா காட்டிட்டார். பெருசா யாரும் கண்டுக்கல. 1919-ல் ஹென்றி ஜெஃப்காட் எழுதின பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

சரி, நம்ம காருக்கு வருவோம். 90 கி.மீ. வேகம்னா நொடிக்கு 25 மீட்டர். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர்னு வெச்சா, நொடிக்குச் சுமார் 13 சுற்று. சஸ்பென்ஷனோட சேர்ந்து சக்கரம் இயல்பாவே குதிக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டும் ஒத்துப்போகும்போது, சில கிராம் எடை வித்தியாசம்கூட ஸ்டியரிங்கை ஆட்டிடும்.

அதனால எந்த வேகத்துல, எங்க ஆடுதுன்னு கவனிங்க. ஸ்டியரிங் ஆடினா பெரும்பாலும் முன் சக்கரம். சீட் ஆடினா பின்பக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினா பிரேக் டிஸ்க்கைப் பாருங்க. வண்டியை நிறுத்தி, அதே ஆர்.பி.எம்.முக்கு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் ஆடுதா? அப்போ இன்ஜின் பக்கம். வீல் பேலன்சிங் செஞ்ச பிறகும் போகலைன்னா, டயர் வீங்கியிருக்கா, ரிம் வளைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

முக்கியமா ஒண்ணு. 110-ல் நடுக்கம் நின்னா, குறை போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. டி லாவல் தெரிஞ்சே அந்த வேகத்தைத் தாண்டினார், அதுக்குன்னே ஷாஃப்ட்டை வடிவமைச்சார். நம்ம கார்ல எடை ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கு. வேகம் கூடக் கூட அது பேரிங்கை இன்னும் பலமா இழுக்கும். வீங்கின டயரா இருந்தா அந்த வேகத்துல வெடிக்கவும் செய்யலாம். ஸ்டியரிங் ஆடுச்சுன்னா வேகத்தைக் குறைங்க, மெக்கானிக்கிட்ட போங்க.